குழிக்குள் இழுத்த கை

வெடி வெடிக்கப்போகிறது என்று அந்த மனிதருக்கு நான் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டேன் என்று நினைக்காதீர்கள். தெரிந்துகொண்டேதான் விட்டேன். பிறகு, சொன்னேன் என்று பொய் சொன்னேன்... கேட்டவர் ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கக்கூடும். பெயரைச் சொல்லமாட்டேன். தொண்ணூறுகளில் வந்த ஒரு கௌபோய்ப் படம். குதிரை, துப்பாக்கி, வங்கிக்கொள்ளை எல்லாம் உண்டு, எல்லாமே சிரிப்புக்காக. அதில் ஒரு காட்சி. வங்கிச் சுவர் வெடித்துச் சிதறும். இடுகாட்டில் மண்வெட்டியோடு நிற்கும் மெக்சிக்கோக் கிராமத்தான் ஒருவன் அந்தக் கணமே புதைகுழிக்குள் பாய்வான். தொப்பி கோணலாக அவன் தலை மறுபடி மேலே வரும். ஒரு கை நீண்டு, செபம் வாசித்துக்கொண்டிருக்கும் பாதிரியாரின் அங்கியைப் பற்றி உள்ளே இழுக்கும். பாதிரியார் தலைகுப்புற விழுவார். தியேட்டர் அதிரும்.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். அதற்காக உங்களை நான் குறை சொல்லவில்லை. முதல் தடவை நானும் சிரித்தேன்.

அந்தக் கிராமத்தான் மெக்சிக்கோக்காரன் அல்லன். யாழ்ப்பாணத்தில் அரசாங்க பஸ் ஓட்டியவர். பெயர் குணரத்தினம், எங்களுக்குக் குணமண்ணை. அவர் அங்கே நடிக்கவில்லை. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் அந்தக் காட்சி உங்களுக்கு எப்படி இருக்கும்?

நானும் அவரும் ரொறன்ரோவில், பார்க்டேலில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். அவரோடு மனைவி மலரக்காவும் மகள் சுபாவும். எனக்குக் காலையில் டோனற் கடையில் வேலை. பின்னேரத்தில், சினிமாவுக்குத் துணை நடிகர்களைப் பிடித்துக்கொடுக்கும் ஒரு கந்தோரில் தொலைபேசிக்குப் பதில் சொல்வேன். அந்த நாட்களில் அமெரிக்கப் படங்கள் ரொறன்ரோவுக்கு வரிசைகட்டி வந்தன. கனடா டொலர் மலிவு, அவ்வளவுதான் காரணம். எங்கள் தெருக்கள் நியூயோர்க்காகவும் சிக்காகோவாகவும் வேஷம் கட்டும். அந்தமுறை மெக்சிக்கோ எல்லை வேண்டுமாம். மண்ணிற முகங்களுக்கு எங்கே போவது என்று கந்தோர் முழித்துக்கொண்டிருந்தபோது நான் வாயைத் திறந்தேன். எங்கள் சனம் இருக்கிறது, பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்றேன். ஒருவருக்கும் தெரியவுமில்லை.

ரொறன்ரோவுக்கு வெளியே, விட்பி என்ற ஊருக்கு வடக்கே, சோளம் வெட்டிய வயலொன்றில் அந்த ஊரைக் கட்டியிருந்தார்கள். மதுக்கடை, வங்கி, ஷெரிப்பின் கந்தோர்... முன்சுவர் மட்டும்தான். கதவைத் திறந்தால் பின்னால் வயல். விஸ்கி என்பது வெறும் தேத்தண்ணீர். மண்டையில் உடைக்கும் போத்தல்கள் சீனிப்பாகு. பாலைவனத்தில் உருண்டு போகும் முட்புதர்கள் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கின. பெரிய மின்விசிறியை வைத்து அவற்றை உருட்டினார்கள். பாலைவனத்தில் வாயிலிருந்து புகை வரக்கூடாது அல்லவா? அங்கேயோ இலையுதிர்காலக் குளிர். அதனால் கமெரா ஓட முன்னர் எல்லோருக்கும் ஐஸ் கட்டி கொடுத்து வாய்க்குள் வைத்திருக்கச் சொன்னார்கள். வாய் குளிர்ந்தால் மூச்சு தெரியாதாம். கந்தசட்டி விரதம் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, ஐஸ் கட்டி விரதத்தை முறிக்குமா என்று என்னிடம் கேட்டார். நான் வேதக்காரி, எனக்கு என்ன தெரியும்? தண்ணீர்தானே அக்கா, விழுங்காதேங்கோ என்றேன்.

இவற்றையெல்லாம் விருந்துகளில் சொல்லி நான் நன்றாகக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். படம் எடுத்த கதை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஐஸ் கட்டியோடு நிறுத்திக்கொள்வேன். குழியின் கதைக்கு ஒருநாளும் வந்ததில்லை.

எங்கள் ஆட்களில் பலருக்கு ஆங்கிலம் ஓடாது, அதனால் கந்தோர் என்னையும் கூடவே அனுப்பியிருந்தது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த என் ஆங்கிலம்தான் அவர்களுக்குக் காதும் வாயும். ‘இங்கே நில்’, ‘அங்கே பார்’, ‘இப்போது சாப்பிடலாம்’... எல்லாம் என் வழியாகத்தான் போகும். நான் சொன்னால் அது வெள்ளைக்காரன் சொன்னது. நான் சொல்லாவிட்டால் அவன் சொல்லவே இல்லை. அந்தப் பதவி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

குணமண்ணைக்குக் கூலியைவிடப் போகவரக் கிடைத்த பயணம் பிடித்திருந்தது. எங்களை ஏற்றிப்போனது ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ். அவர் எப்போதும் முன் ஆசனத்தில் இருந்து சாரதியின் கையையும் காலையும் கவனித்துக்கொண்டே வருவார். ஸ்கூல் பஸ் ஓட்டுவதற்கு அவர் படித்துக்கொண்டிருந்த காலம் அது. எழுத்துப் பரீட்சை பாஸ். பஸ்ஸை ஓடிக்காட்டுவதுதான் மிச்சம்.

ஒருநாள் அந்தப் பஸ்ஸில் அவர் என்னிடம் சொன்னார். “பிள்ளை, கொடிகாமத்தாலை வரேக்கை குண்டு போடுற பொம்பர் வந்திட்டுது. பஸ் நிறையச் சனம். நிப்பாட்டிப்போட்டு எல்லாரையும் இழுத்து வாய்க்காலுக்கை தள்ளினன். ஒரு கிழவி இறங்கமாட்டன் எண்டு கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டுது. காலிலை பிடிச்சு இழுத்தன். பிறகு மூண்டு மாசமா என்னைக் கண்டா ஏசும்.”

“பஸ்ஸுக்கு என்ன நடந்தது அண்ணை?”

“பஸ்ஸோ? பஸ் போச்சுது. சனம் இருந்திச்சுது.”

இந்தக் கதையை அவர் என்னிடம் சொன்னது வெடிக்கு முன்னர் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். அவர் எப்படிப்பட்டவர், சத்தம் கேட்டால் என்ன செய்வார்... எல்லாம் எனக்குத் தெரியும்.

வெடிக் காட்சிக்கு முதல் நாள் துப்பாக்கிச் சூடு எடுத்தார்கள். எங்கள் சனம் முழுக்க, சத்தம் வரமுன்னரே கண்ணை மூடித் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றது. சொல்லிவைத்த அதிர்ச்சி கமெராவில் பொய்யாகத் தெரியும் என்று இயக்குநர் எரிந்து விழுந்தார். அடுத்த நாள் வெடிக்கவைக்க இருந்த சுவரோ ஒன்றுதான். ஒரு முறைதான் உடைக்கலாம்.

காலையில் வெடிக்குப் பொறுப்பானவர் எல்லோரையும் கூட்டி விளக்கினார். பெரிய மீசை வைத்த, சிரிக்காத மனிதர். சுவர் தக்கையும் மெல்லிய பலகையும்தான், ஆளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சத்தம் பெரிது, நெருப்பு எழும்பும், மூன்று எண்ணியதும் வெடிக்கும் என்றார். அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், தெரியாத ஒருவர் நின்றாலும் நான் பொத்தானை அமுக்கமாட்டேன் என்றார். நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். சொல்லும்போதே தலைகளைப் பார்த்தேன். குணமண்ணையைக் காணவில்லை.

அவர் பஸ்ஸடியில் நின்றார். தனக்குத் தெரிந்த பத்து ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு சாரதியிடம் பிரேக்கைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

கூட்டிவரப் புறப்பட்ட என்னைக் கெவின் மறித்தான். உதவி இயக்குநர்களில் ஒருவன். எங்களை மேய்ப்பது அவன் பொறுப்பு. குழியருகே நிற்கப்போகும் அந்த ஆளுக்கு ஏற்கனவே சொல்லிவிட்டாயா என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் சற்று யோசித்தான். அப்படியானால் விடு என்றான். ஒரு முகமாவது உண்மையாகத் திடுக்கிட வேண்டும், அந்த ஆள் கமெராவுக்குக் கிட்ட நிற்கிறார், ஆபத்து எதுவும் இல்லை. பிறகு சொன்னான், அடுத்த படத்துக்கு உன் கந்தோரில் முழுநேரமாக ஒருவரைத் தேடுகிறார்கள், உன் பெயரைத்தான் சொல்ல நினைத்திருந்தேன் என்று.

அவன் என்னை வற்புறுத்தவில்லை. மிரட்டவில்லை. ஒரு பேச்சுக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனான். நான் நின்ற இடத்திலிருந்து பஸ் கூப்பிடு தூரம்... ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். ஏன் கொடுக்கவில்லை? டோனற் கடைச் சீருடையின் எண்ணெய் மணம்தான் அப்போது நினைவுக்கு வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அவருக்குப் பொம்பரின் நினைவு வரும் என்பதும் தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டு, பஸ்ஸடிக்குப் போய், “அண்ணை, கூப்பிடினம், வாங்கோ” என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் சனம் தெருவில் நின்றது. அவர் மட்டும் தூரத்தில், குழியடியில், வெள்ளைக்கார நடிகர்களோடு நின்றார். வாய்க்குள் ஐஸ் கட்டி. எண்ணுவது அவருக்குக் கேட்கவில்லை.

அதன்பிறகு நடந்ததை நீங்கள் படத்தில் பார்த்தீர்கள். பாதிரியாராக நடித்தவர்தான் அந்தப் படத்தின் பெரிய நடிகர். விழுந்த பிறகும் அவர் செபத்தை விடவில்லை, குழிக்குள்ளிருந்து தொடர்ந்து வாசித்தார். சிரிப்பு இரட்டிப்பானது அதனால்தான். குணமண்ணையின் வாய் அசைவதையும் படத்தில் பார்க்கலாம். சத்தம் கேட்காது, எக்காள இசையைப் போட்டு மூடிவிட்டார்கள். “இறங்குங்கோ, இறங்குங்கோ, பொம்பர்” என்றுதான் அவர் கத்தினார். தமிழ் தெரிந்தவர்கள் உதட்டைப் பார்த்தாலே விளங்கும். நான் பார்ப்பதில்லை.

படத்தில் வராததைச் சொல்கிறேன். ‘கட்’ என்ற பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். இயக்குநர் தொடையில் தட்டிச் சிரித்தார். பெரிய நடிகர் சேறு பூசியபடி எழுந்து குணமண்ணையைக் கட்டிப்பிடித்தார். அவரோ அங்கியைப் பிடித்த பிடியை விடவில்லை. அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்தார். நான்தான் போய் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். அவர் காற்சட்டை நனைந்திருந்தது. குழியில் தேங்கிய தண்ணீர் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொள்ள முயன்றேன்.

மீசைக்காரர் ஓடிவந்தார். முகம் கறுத்திருந்தது. இந்த மனிதருக்குச் சொல்லப்பட்டதா என்று என்னைக் கேட்டார். கெவின் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சொன்னேன் என்றேன். தமிழில் சொன்னேன் என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. நேராகக் குணமண்ணையைப் பார்த்துக் கேட்டார். குணமண்ணை வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார், மொழிபெயர்ப்புக்காக.

“வெடி வெடிக்கும் எண்டு நான் சொன்னது ஞாபகம் இருக்கோ எண்டு கேக்கிறார் அண்ணை.”

“இல்லைப் பிள்ளை... நீ சொன்னனியே?”

“சொன்னனான். பஸ்ஸடியிலை வைச்சுச் சொன்னனான். நீங்கள் தலையாட்டினீங்கள்.”

அந்தத் தலையாட்டல் எங்கிருந்து என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியாது. யாரும் கேட்கவில்லை. பொய்க்குக் கொஞ்சம் உப்புப்புளி போட்டுக் கொடுத்தேன்... அந்தச் சொல்தான் அவரை வீழ்த்தியது. அவர் யோசித்தார். என்னைச் சந்தேகிக்கும் எண்ணம் அவருக்குச் சற்றும் வரவில்லை. தன்னைத்தான் சந்தேகித்தார்.

“ஓகே, சேர். மை மிஸ்ரேக்” என்று மீசைக்காரரிடம் கைகூப்பினார்.

திரும்பி வரும்போது முன் ஆசனம் வெறுமையாக இருந்தது. அவர் பின்வரிசையில் போய் இருந்துவிட்டார். பார்க்டேலில் இறங்கும்போது மெதுவாகக் கேட்டார்: “பிள்ளை, நான் தலையாட்டினனானோ?”

“ஓம் அண்ணை.”

ஓடிக்காட்டும் பரீட்சைக்கு அவர் போகவில்லை. மலரக்கா என்னிடம் வந்து முறையிட்டார். “ஒருத்தன் சொல்லுறதைத் தலையாட்டிக் கேட்டுப்போட்டு மறக்கிறவன் பஸ் ஓட்டக்கூடாது எண்டு சொல்லுறார், ரெஜினா. பிள்ளையள் ஏறுற பஸ்ஸாம். நீ ஒருக்கால் சொல்லு, நீ சொன்னாக் கேப்பார்.” அவர் மேசையில் பலகாரத்தை வைத்துவிட்டுப் போனார். நான் சொல்லவில்லை. அந்தக் கிழமைதான் கந்தோரில் முழுநேர வேலை கிடைத்திருந்தது. டோனற் கடைச் சீருடையை மடித்துக் குப்பையில் போட்டிருந்தேன்.

அதைவிடக் கேவலமான ஒன்றும் இருக்கிறது. அவர் டொக்டரிடம் போனார். பேசுவதற்கு என்னைத்தான் கூட்டிப்போனார். வேறு யாரைக் கூட்டிப்போவார்?

டொக்டர் நல்ல பெண்மணி. அவசரப்படவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இவர் குழிக்குள் பாய்ந்தது எனக்கு விசித்திரமாகத் தெரியவில்லை என்றார். போரைப் பார்த்த மனிதர், உடம்பு தானாகச் செய்தது. ஆனால் சொன்னது ஒன்றும் நினைவில்லை என்பதுதான் யோசிக்கவைக்கிறது. அவருக்கு அது சொல்லப்பட்டது நிச்சயமா என்று கேட்டார்.

அந்த அறையில் மூன்றுபேர்தான் இருந்தோம். குணமண்ணைக்கு ஆங்கிலம் விளங்காது. நான் ‘இல்லை’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் டொக்டரைத் தவிர ஒருவருக்கும் தெரிந்திராது. குணமண்ணை வெளியே வந்து அடுத்த திங்கட்கிழமையே ஓடிக்காட்டும் பரீட்சைக்குப் போயிருப்பார். எனக்கு ஒரு சதமும் நட்டமில்லை. வேலை போகாது, கெவினுக்குத் தெரியவராது. அப்போது ஏன் சொல்லவில்லை? இந்தக் கேள்வியோடுதான் நான் இத்தனை காலமும் குடும்பம் நடத்துகிறேன். வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை. முன்பின் தெரியாத ஒரு டொக்டர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிடுவார் என்ற வெட்கம்.

நிச்சயம் என்றேன்.

சோதனைகள் முடியும்வரை வாகனம் ஓட்ட வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். தலையைப் படம் பிடித்தார்கள். ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்தது. ஓட்டலாம் என்றும் சொன்னார்கள். அதைச் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன். அவர் ஏற்கவில்லை. “மெஷினுக்குத் தெரியாது பிள்ளை. எனக்கெல்லோ தெரியும்” என்றார். ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில், கோழி பொதிசெய்யும் குளிர் அறையில் வேலைக்குச் சேர்ந்தார். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவார். முன் ஆசனத்தில் இருப்பதில்லை என்று மலரக்கா சொன்னார்.

நான் அந்த நாளைத் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். சத்தம் கேட்டதும் அவர் தனக்கு மட்டும் பதுங்கவில்லை. தலையை வெளியே நீட்டி, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனிதனை இழுத்துப் பாதுகாப்பில் சேர்த்தார். பிள்ளைகளின் பஸ்ஸை ஒப்படைப்பதற்கு இதைவிட நல்ல ஆளை எங்கே தேடுவீர்கள்? அதே செயலைக் காரணமாகக் காட்டி அவர் தன்னைத் தானே தள்ளிவைத்தார். அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி சொன்னவள் நான்.

படம் வீடியோவாக வந்தபோது கட்டடத்தில் ஒரு பிறந்தநாள் வீட்டில் போட்டார்கள். பிள்ளைகள் அந்த இடத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டு உருண்டு சிரித்தார்கள். சுபாவும் சிரித்தாள். அப்பா படத்தில் வந்துவிட்டார் என்று அவளுக்குப் பெருமை. குணமண்ணையும் சிரித்தார். “பாவம் அந்த மனுசன், நல்லா விழுந்திட்டார்” என்றார். பிறகு எழுந்து பல்கனிக்குப் போய் நின்றார். நான் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேதக் கோவிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ‘பொய் சொன்னேன் சுவாமி’ என்றேன். யாருக்கு, எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சில செபங்களைச் சொல்லச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வரும் வழியிலேயே சொல்லி முடித்துவிட்டேன். இவ்வளவு மலிவாக முடிந்தது எனக்கே பிடிக்கவில்லை.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் மலரக்காவின் தம்பி விட்பியில் புதுவீடு வாங்கினார். குடிபுகும் நல்ல நாள் ஒரு வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டது. சுபா அப்போது லைசென்ஸ் எடுத்திருந்தாள். அவள் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நானும் மலரக்காவும் பின்னால். குணமண்ணை மகளுக்குப் பக்கத்தில். அவருடைய வலதுகால் வழிநெடுக, பிரேக் இல்லாத இடத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தது.

“அப்பா, ரிலாக்ஸ். ஐ கான் ஸீ” என்றாள் சுபா.

புதுவீடுகள் தொடங்கும் இடத்தில் ஒரு ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கைப் போட்டு நின்றது. சுபா காரை நிறுத்தினாள். சிறு பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒரு சின்னப் பெண் படியில் நின்று சாரதிக்குக் கை காட்டிவிட்டு இறங்கினாள். குணமண்ணை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மீசை முழுக்க நரைத்துவிட்டது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அவர் ஆசனத்தில் சாய்ந்து பின்னால் திரும்பினார்.

“பிள்ளை, உனக்கு நான் இதைச் சொன்னதில்லை. அண்டைக்கு நீ உள்ளதை உள்ளபடி சொன்னபடியாலைதான் என்ர தலை இப்பிடியெண்டு எனக்குத் தெரிஞ்சுது. வேறை ஆளெண்டால் மனம் நோகுமெண்டு மறைச்சிருக்கும். நானும் தெரியாமல் ஊரார் பிள்ளையளை ஏத்திக்கொண்டு திரிஞ்சிருப்பன்... நினைக்கவே நடுங்குது. கடவுள்தான் உன்னை அங்கை விட்டது.”

மலரக்கா என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

கார் நின்றிருந்தது. கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் அதற்குள் இருந்தார்கள். என் வாய் திறந்தது. இப்போது சொன்னால் அவருக்கு மிஞ்சியிருக்கும் அந்த ஒரே ஆறுதலும் போய்விடும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொன்னேன். அது நியாயமா, அதே பழைய வெட்கமா... நீங்களே சொல்லுங்கள்.

“ஓம் அண்ணை” என்றேன்.

அவர் திருப்தியோடு முன்னால் திரும்பிக்கொண்டார்.